மொபைலில் இறக்கும் ஒவ்வொரு எம்பிக்கும் ஏன் இவ்வளவு விலை?

கேள்வி இதுதான்: வீட்டு வைஃபையில் ஒரு படத்தை இறக்கினால் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. அதே படத்தை மொபைல் டேட்டாவில் இறக்கினால் பேக்கில் பாதி காலியாகிவிடுகிறது. கோப்பும் ஒன்றுதான், இணையமும் ஒன்றுதான். மொபைல் நெட்வொர்க்கில் மட்டும் ஏன் இவ்வளவு செலவு? உண்மையிலேயே அவ்வளவு ஆகிறதா, இல்லை வாங்க முடிகிறது என்பதால் வாங்குகிறார்களா? நாம் என்ன செய்ய முடியும்?

இரண்டுமே உண்மை என்பதுதான் சுருக்கமான பதில். மொபைல் நெட்வொர்க்கில் நெரிசல் என்பது நிஜமான பிரச்சினை. அதைச் சமாளிக்க நிஜமாகவே பணம் செலவாகிறது. ஆனால் உங்கள் பேக்கில் ஒரு எம்பிக்குப் போட்டிருக்கும் விலைக்கும் அந்த எம்பியைக் கொண்டுவந்து சேர்க்க ஆன செலவுக்கும் நேரடித் தொடர்பு மிகக் குறைவு. அந்த விலையைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை போட்டி, விதிகள், அப்புறம் உங்களால் ஒரே தடவையில் எவ்வளவு பெரிய பேக் வாங்க முடிகிறது என்பது. இந்த மூன்றாவதுதான் என்னை அதிகம் உறுத்துவது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நிஜமான செலவைப் பார்ப்போம். வீட்டுக்கு வரும் ஃபைபரில் பரவலாக இருக்கும் தொழில்நுட்பம் ஜிபான். அதில் ஒரு இழை நொடிக்கு சுமார் 2.5 கிகாபிட் கொண்டுவருகிறது. அதை வழக்கமாக 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. போதவில்லை என்றால் பக்கத்து இழையைப் பயன்படுத்தலாம், அல்லது அதே இழையின் இரு முனைகளிலும் கருவியை மாற்றலாம். காற்றுக்கு அந்த வசதி கிடையாது. ஒரு நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்ட அலைக்கற்றை, அதாவது ரேடியோ அலைவரிசைகளில் அதன் பங்கு, எவ்வளவோ, அதற்குள்தான் அந்த இடத்தில் இருக்கும் அத்தனை பேரும் அடங்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டால் தெளிவாகும். ஒரு டவரில் வழக்கமாக மூன்று பக்கம் பார்த்தபடி ஆன்டெனாக்கள் இருக்கும். ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு செக்டர் என்பார்கள். 20 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையில் ஓடும் சாதாரண 4ஜி செக்டரின் ஏட்டு வேகம் நொடிக்கு 150 மெகாபிட். விளம்பரத்தில் வருவது இந்த எண்தான். ஆனால் சிலர் டவருக்கு அருகில், சிலர் சுவர்களுக்குப் பின்னால், சிலர் எல்லையில் என்று கலந்திருக்கும்போது சராசரியாக 30-40 மெகாபிட் கிடைத்தாலே நல்ல செக்டர். 40 என்றே வைத்துக்கொள்வோம். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால் அது நொடிக்கு 5 எம்பி (மெகாபைட்), ஒரு மணி நேரத்துக்கு 18 ஜிபி. அந்தப் பக்கத்தில் இருக்கும் எல்லோருக்கும் சேர்த்து அவ்வளவுதான். நெட்ஃப்ளிக்ஸ் தன் உதவிப் பக்கத்தில் சொல்வதுபடி உயர்தர வீடியோவுக்கு மணிக்கு 3 ஜிபி வரை ஆகும். அப்படியானால் ஆறே பேர் ஒரே நேரத்தில் உயர்தரத்தில் படம் பார்த்தால் அந்த செக்டர் நிரம்பிவிடும். ஏழாவது ஆள் வந்ததும் எல்லோருக்கும் குறைய ஆரம்பிக்கும்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. பலருக்கும் இது தெரியாது. ஒரே அளவு கோப்பு, எல்லோரிடமும் ஒரே அளவு காற்று நேரத்தை எடுத்துக்கொள்வதில்லை. டவருக்கு அருகில் சிக்னல் சுத்தமாக இருந்தால், ஒரு துடிப்பில் 8 பிட் வரை ஏற்றி அனுப்பலாம். எல்லையில் இருக்கும் போனுக்கு 2 பிட்தான் ஏற்ற முடியும், அதிலும் பிழைதிருத்தத்துக்காக ஒரு பெரும் பங்கு போய்விடும். எல்லையில் இருப்பவர் 1 எம்பி இறக்கும் நேரத்தில் அருகில் இருப்பவர் பல எம்பி இறக்கியிருப்பார். ஆனால் பில்லில் ஒரு எம்பிக்கு இருவருக்கும் அதே விலைதான். எம்பி கணக்கு செலவின் அளவுகோல் அல்ல என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டாம்.

நேரமும் அப்படித்தான். நெட்வொர்க்கைக் கட்டுவது சராசரி நாளுக்காக அல்ல, நாளின் மிக நெரிசலான மணி நேரத்துக்காக. பெரும்பாலான இடங்களில் அது மாலைக்குப் பிறகு. அந்த மணி நேரத்தில் கூடுதலாக ஒருவர் படம் இறக்கினால், அது மற்றவர்களின் வேகத்தைக் குறைக்கிறது. தொடர்ந்து அப்படியே போனால் புது டவர் போட வேண்டியிருக்கும். அதிகாலை மூன்று மணிக்கு அதே படத்தை இறக்கினால் நெட்வொர்க்குக்கு ஆகும் கூடுதல் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. டவர் எப்படியும் மின்சாரம் தின்றுகொண்டு சும்மா நிற்கிறது. இரவு நேரப் பேக்குகள் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் தாராள மனசு அல்ல, இந்தக் கணக்கு.

செலவின் பெரும்பகுதி நீங்கள் ஒரு பைட்கூட இறக்காவிட்டாலும் ஆகிவிடும் செலவு: டவர், நில வாடகை, மின்சாரம், மின்சாரம் இல்லாத இடத்தில் டீசல், டவரை மைய நெட்வொர்க்கோடு இணைக்கும் ஃபைபர் அல்லது மைக்ரோவேவ் இணைப்பு, ஆட்கள், அலைக்கற்றைக் கட்டணம். அலைக்கற்றை என்றதும் நிறுவனங்கள் ஏலத் தொகையைக் காட்டுவார்கள். அந்தத் தொகைகள் பெரியவைதான். 2000 ஏப்ரலில் பிரிட்டன் 3ஜிக்காக ஐந்து உரிமங்களை ஏலம் விட்டு சுமார் 2,250 கோடி பவுண்டு திரட்டியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஜெர்மனியில் ஏலம் சுமார் 5,000 கோடி யூரோவுக்குப் போனது. "இவ்வளவு கொடுத்து வாங்கினோம், அதனால்தான் டேட்டா விலை அதிகம்" என்ற வாதம் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். ஏலத்தில் கொடுத்த பணம் போனது போனதுதான். அதற்குப் பிறகு ஒரு நிறுவனம் விலை வைப்பது, எந்த விலையில் வாடிக்கையாளர் பக்கத்து நிறுவனத்துக்குப் போகாமல் இருப்பார் என்று பார்த்துத்தான். பக்கத்தில் வலுவான போட்டியாளர் இருந்தால் ஏலத் தொகை எவ்வளவு ஆனாலும் விலை இறங்கும். இல்லாவிட்டால், அலைக்கற்றை இலவசமாகக் கிடைத்திருந்தாலும் இறங்காது. ஏலம் கெடுதல் செய்வது வேறு வழியில்: கடனில் மூழ்கிய நிறுவனம் டவர் போடுவதைத் தள்ளிப்போடும், சிறிய நிறுவனம் களத்தைவிட்டே போகும், மிஞ்சும் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்து விலையில் நிம்மதியாக இருப்பார்கள்.

சரி, விலைக்கும் செலவுக்கும் தொடர்பு குறைவு என்று எதை வைத்துச் சொல்கிறேன்? முதல் சான்று எஸ்எம்எஸ். ஒரு எஸ்எம்எஸ் என்பது 140 பைட். 10 லட்சம் பைட், அதாவது 1 எம்பி அனுப்ப ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட எஸ்எம்எஸ் வேண்டும். உங்களுக்குத் தெரிந்த எந்த எஸ்எம்எஸ் கட்டணத்தையும் அதனால் பெருக்கிப் பாருங்கள். அதே டவர், அதே போன், ஆனால் ஒரு பைட்டின் விலை ஆயிரக்கணக்கான மடங்கு வேறு. எஸ்எம்எஸ்ஸை மக்கள் பைட்டாகப் பார்க்கவில்லை, ஒரு செய்தியாகப் பார்த்தார்கள். அதனால் அந்த விலை நின்றது.

இரண்டாவது ஜப்பான். 1999 பிப்ரவரியில் என்டிடி டோகோமோ தொடங்கிய ஐ-மோட் சேவைதான் மொபைலில் உள்ளடக்கம் இறக்குவதைப் பெரிய அளவில் வழக்கமாக்கியது. டேட்டாவை பாக்கெட் என்ற சின்னப் பொட்டலங்களாக எண்ணினார்கள்: 128 பைட் கொண்ட ஒரு பாக்கெட்டுக்கு 0.3 யென். சின்னச் சின்ன மின்னஞ்சல், வானிலை, ரயில் நேரம் என்று இருந்தவரை இது சகிக்கக்கூடிய விலை. ஆனால் 1 எம்பிக்கு இது 2,300 யென்னைத் தாண்டும். நன்றாகச் சுருக்கிய ஒரு முழுப் பாட்டு 1.5 எம்பி என்று வைத்தால் அதை இறக்கும் கூலி மட்டும் சுமார் 3,500 யென்! இந்த விலையில் யாரும் பாட்டு விற்க முடியாது, வாங்கவும் முடியாது. போட்டி நிறுவனமான கேடிடிஐ 2003 நவம்பரில் மாதம் ஒரே கட்டணத் திட்டம் கொண்டுவந்தது. 2004 ஜூனில் டோகோமோவும் பின்தொடர்ந்தது. கேடிடிஐ முழுப் பாட்டு இறக்கும் சேவையைத் தொடங்கியது அதே 2004 நவம்பரில், ஒரே கட்டணம் வந்த பிறகுதான். புதிய நெட்வொர்க் அதற்கு இடம் கொடுத்தது உண்மை. ஆனால் பாக்கெட் மீட்டர் ஓடிக்கொண்டிருந்திருந்தால் அந்தச் சந்தையே பிறந்திருக்காது.

மூன்றாவதுதான் மிக வலுவான சான்று: ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோமிங். ஒரு நாட்டு சிம்மோடு பக்கத்து நாட்டில் டேட்டா பயன்படுத்தினால் என்ன வசூலிக்கலாம் என்று 2012 ஜூலையில் முதல்முறையாக மேல்வரம்பு வந்தது: வரி நீங்கலாக 1 எம்பிக்கு 70 சென்ட். வரம்பு வைத்த பிறகே 1 ஜிபிக்கு 700 யூரோ என்றால் அதற்கு முன் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதே நாளில் ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்திடம் வாங்கும் மொத்த விலைக்கு வைத்த வரம்பு 25 சென்ட். அதாவது வெளிநாட்டு நெட்வொர்க்குக்கு 25 கொடுத்துவிட்டு வாடிக்கையாளரிடம் 70 வாங்க சட்டமே இடம் கொடுத்தது. 2013இல் சில்லறை வரம்பு 45 சென்ட், 2014இல் 20 சென்ட். 2017 ஜூன் 15 முதல் தனி ரோமிங் கட்டணமே கூடாது என்று ஆனது. மொத்த விலை வரம்பு 1 ஜிபிக்கு 7.70 யூரோ. 2022இல் அது 2 யூரோ. 2027க்கு வைத்திருப்பது 1 யூரோ. எம்பிக்கு 25 சென்ட் என்றால் ஜிபிக்கு 250 யூரோ. ஐந்தே ஆண்டில் 250 எங்கே, 7.70 எங்கே. இடையில் 3ஜி போய் 4ஜி வந்தது, செலவு குறைந்தது, ஒப்புக்கொள்கிறேன். முப்பது மடங்குக்கு மேல் குறைந்ததை அது மட்டும் விளக்காது. விலை இறங்கியது விதி வந்ததால். எந்த நெட்வொர்க்கும் அதனால் மூடப்படவில்லை.

ஒரே கட்டணத் திட்டங்கள் நிலைக்காததற்கும் காரணம் உண்டு, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 2007இல் ஐபோன் ஏடி அண்ட் டி நெட்வொர்க்கில் அளவில்லா டேட்டாவோடு வந்தது. நெரிசல் தாங்காமல் 2010 ஜூனில் புது வாடிக்கையாளர்களுக்கு அதை நிறுத்தி, 200 எம்பிக்கு 15 டாலர், 2 ஜிபிக்கு 25 டாலர் என்று மாற்றினார்கள். நெரிசல் நிஜம். ஆனால் அந்த இரண்டு விலைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: சின்னப் பேக்கில் ஒரு எம்பி 7.5 சென்ட், பெரிய பேக்கில் 1.25 சென்ட். குறைவாக இறக்கி நெட்வொர்க்கை நெருக்காமல் இருப்பவர் ஒரு எம்பிக்கு ஆறு மடங்கு கொடுக்கிறார்.

முன்பு உறுத்தல் என்று சொன்னது இதைத்தான். மொபைல் டேட்டாவின் உண்மையான அநியாயம் சராசரி விலையில் இல்லை, சின்னப் பேக்கில் இருக்கிறது. மாதச் சம்பளக்காரர் பெரிய பேக்கை ஒரே தடவையில் வாங்குகிறார். அன்றாடம் சம்பாதிப்பவர் இன்றைக்குக் கையில் இருப்பதற்கு ஒரு நாள் பேக் வாங்குகிறார், அதே எம்பிக்குப் பல மடங்கு கொடுக்கிறார், மிச்சம் இருந்தால் அது இரவோடு காலாவதி ஆகிறது. பேக் தீர்ந்தது தெரியாமல் ஒரு வீடியோ ஓடிவிட்டால் பேக்குக்கு வெளியே உள்ள விலையில் கணக்கில் இருக்கும் பணம் போய்விடும். வீட்டில் ஃபைபர் இல்லாதவருக்கு மொபைல்தான் ஒரே இணையம் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். மாற்று வழி உள்ளவருக்கு மலிவு, இல்லாதவருக்கு விலை.

தென்னாப்பிரிக்காவில் இது ஒரு மக்கள் கோரிக்கையாகவே வெடித்தது. 2016இல் டேட்டா விலை விழ வேண்டும் என்ற முழக்கத்தோடு ஒரு இயக்கம் கிளம்பியது. அந்நாட்டுப் போட்டி ஆணையம் 2017இல் விசாரணையைத் தொடங்கி 2019 டிசம்பரில் இறுதி அறிக்கை வெளியிட்டது. விலைகள் அதிகம் என்பதோடு, சின்னப் பேக் வாங்கும் ஏழைகள்தான் ஒரு எம்பிக்கு அதிகம் கொடுக்கிறார்கள் என்று அது வெளிப்படையாகச் சொன்னது. வோடாகாம், எம்டிஎன் என்ற இரண்டு பெரிய நிறுவனங்களும் விலையைக் குறைக்க ஒப்பந்தத்துக்கு வர வேண்டும், 30 முதல் 50 சதவீதம் குறைக்க இடமிருக்கிறது என்றது. 2020 ஏப்ரலில் வோடாகாம் 30 நாள் 1 ஜிபி பேக்கை 149 ராண்டிலிருந்து 99 ராண்டுக்கு இறக்கியது. அதற்கு முந்தைய ஆண்டே தொலைத்தொடர்பு ஆணையம் வேறு விதிகளைக் கொண்டுவந்திருந்தது: மிச்ச டேட்டாவை அடுத்த காலத்துக்கு நீட்டிக்கவோ இன்னொருவருக்கு மாற்றவோ வழி இருக்க வேண்டும், வாடிக்கையாளர் சம்மதிக்காமல் பேக்குக்கு வெளியே கட்டணம் எடுக்கக் கூடாது. என் பார்வையில் இந்த இரண்டாவது வகை விதிகள் விலைக்குறைப்பைவிட முக்கியம். நூறு எம்பிக்குக் காசு கொடுத்தவருக்கு நூறு எம்பி முழுசாகக் கிடைக்க வேண்டும். இது சலுகை அல்ல.

அரசுகளுக்கும் இதில் பங்கு உண்டு. உகாண்டா 2018 ஜூலையில் சமூக ஊடகம் பயன்படுத்த ஒரு நாளுக்கு 200 ஷில்லிங் என்று வரி போட்டது. 2021இல் அதை எடுத்துவிட்டு இணைய டேட்டாவின் மேல் 12 சதவீத வரி வைத்தது. கடலடி கேபிள் வந்து சேராத இடங்களில் வெளிநாட்டு இணைப்பே பெரிய செலவு. கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்கு சீகாம் கேபிள் வந்தது 2009இல்தான், அதுவரை செயற்கைக்கோளை நம்பியே இருந்தார்கள். ஐநாவின் பிராட்பேண்ட் ஆணையம் வைத்த இலக்கு, அடிப்படை இணையத்தின் மாத விலை ஒருவரின் சராசரி மாத வருமானத்தில் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது. நல்ல இலக்கு. ஆனால் சராசரி வருமானம் என்ற சொல்லுக்குள் நாட்டின் கீழ்ப்பாதி மறைந்துபோகிறது. சராசரியில் 2 சதவீதம் என்பது அவர்களுக்கு 6 ஆகவும் 10 ஆகவும் இருக்கலாம்.

இனி, நீங்கள் கேட்காமலே உங்கள் பேக்கிலிருந்து போகும் பைட்களைப் பற்றி. விலையைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுகிறார்கள்.

தமிழ் எழுத்துகள், இணையத்தில் எழுத்தைக் குறிக்கும் பொது முறையான யூடிஎஃப்-8இல், ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் எடுக்கின்றன. ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும். அப்படியிருந்தும் 2,500 சொல் கொண்ட ஒரு தமிழ்க் கட்டுரை ஏறக்குறைய 60 கேபிதான். சர்வர் சுருக்கி அனுப்பினால் அதிலும் வெகுவாகக் குறையும். ஆனால் இன்றைய ஒரு நடுத்தரமான இணையப் பக்கம் 2 எம்பிக்கு மேல். வாசிக்க வந்த எழுத்தைவிட முப்பது மடங்குக்கு மேல் வேறு ஏதோ வந்து இறங்குகிறது: பெரிதாகவே விட்டுவைத்த படங்கள், எழுத்துருக்கள், விளம்பரம், நம்மைப் பின்தொடரும் நிரல்கள், தானே ஓடும் வீடியோ. அந்தப் பைட்களுக்கு வாசகர்தான் காசு கொடுக்கிறார். தளம் நடத்துபவர் நல்ல வைஃபையில் உட்கார்ந்து சோதித்துப் பார்ப்பதால் இது அவர் கண்ணில் படுவதே இல்லை.

முன்பு இதற்கு ஒரு மாற்று இருந்தது. 2006இல் உலகம் முழுக்க வந்த ஓபெரா மினி, பக்கத்தைத் தன் சர்வரில் சுருக்கிப் போனுக்கு அனுப்பியது. பட்டன் போனிலும் ஓடியது, டேட்டா பத்தில் ஒரு பங்காகக்கூடக் குறைந்தது. பிறகு இணையம் முழுக்க மறையாக்கம் செய்யப்பட்ட, அதாவது நடுவில் யாரும் படிக்க முடியாத, இணைப்புகளுக்கு மாறியது. அது பாதுகாப்புக்கு அவசியமான மாற்றம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நடுவில் நின்று சுருக்குவது அதனால் கடினமானது. குரோமில் டேட்டாவைச் சுருக்க இருந்த லைட் மோடையும் கூகுள் 2022 மார்ச்சில் நிறுத்திவிட்டது. டேட்டா மலிவாகிவிட்டது என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. எல்லோருக்கும் மலிவாகவில்லை.

பாதியில் அறுந்த பதிவிறக்கமும் பெரிய இழப்பு. 80 எம்பி இறங்கியதும் சிக்னல் போனால், சர்வர் "விட்ட இடத்திலிருந்து தொடங்கு" என்ற கோரிக்கையை ஏற்கும்படி அமைந்திருந்தால் தப்பித்தோம். இல்லையென்றால் திரும்பவும் பூஜ்யத்திலிருந்து. இணைய நெறிமுறையில் இந்த வசதி 1997 முதலே இருக்கிறது, ஆனாலும் அதைச் சரியாக அமைக்காத தளங்கள் இன்றும் உண்டு. இன்னொன்று: உங்கள் டேட்டா எண்ணப்படுவது போனில் அல்ல, நெட்வொர்க்கின் உள்ளே, இணையத்துக்குப் போகும் வாசலாக இருக்கும் கேட்வேயில். கேட்வேயைத் தாண்டி, காற்றில் தொலைந்து உங்கள் போனுக்கு வந்தே சேராத பாக்கெட்டும் சில சமயம் உங்கள் கணக்கில் ஏறிவிடும். சிக்னல் மோசமான இடத்தில் டேட்டா வேகமாகக் கரைகிறது என்று பலர் சொல்வது வெறும் பிரமை அல்ல. சில திட்டங்களில் ஒவ்வொரு இணைப்பையும் மேல்நோக்கி முழுமையாக்கும் வழக்கமும் உண்டு: 3 கேபி போனாலும் 100 கேபி என்று கணக்கு. ஐரோப்பிய ரோமிங் விதியில் கேபி கேபியாகத்தான் எண்ண வேண்டும் என்று தனியாக எழுத வேண்டி வந்ததே இதனால்தான்.

சில ஆப்களை இலவசமாகத் திறக்கவிடும் ஏற்பாட்டை இதற்குத் தீர்வாகச் சிலர் சொல்வார்கள். விக்கிப்பீடியா ஸீரோ 2012 முதல் 2018 வரை பல நாடுகளில் அப்படி நடந்தது, நோக்கம் நல்லது. ஆனால் இலவசம் எது என்பதை நெட்வொர்க் தீர்மானிக்க ஆரம்பித்தால், பணபலம் உள்ள தளம் இலவசமாகும், மற்றதெல்லாம் விலைக்கு வரும். இந்தியாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 பிப்ரவரியில் உள்ளடக்கத்தைப் பார்த்து வேறு வேறு விலை வைப்பதைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும் 2021 செப்டம்பரில் அத்தகைய திட்டங்கள் விதிக்குப் பொருந்தாது என்றது. இரண்டும் சரியான முடிவு என்பதே என் கருத்து. எல்லாவற்றையும் திறக்கவிடும் 50 எம்பி, ஒரே ஒரு ஆப்பை மட்டும் திறக்கவிடும் 500 எம்பியைவிட ஒரு மாணவருக்குப் பயன்படும்.

அப்புறம் நடைமுறைக்கு வருவோம். மிகப் பெரிய மிச்சம் வீடியோவில்தான், மற்றதெல்லாம் சில்லறை. நெட்ஃப்ளிக்ஸ் கணக்கையே எடுத்துக்கொண்டால் குறைந்த தரம் மணிக்கு 0.3 ஜிபி, நடுத்தரம் 0.7, உயர்தரம் 3. ஆறு அங்குலத் திரையில் நடுத்தரத்துக்கும் உயர்தரத்துக்கும் வித்தியாசம் பார்ப்பது கடினம், பேக்கில் நான்கு மடங்கு வித்தியாசம். பேச்சு, பாடம், நேர்காணல் போன்றவற்றுக்குப் படமே தேவையில்லை: 128 கிலோபிட் ஒலி மணிக்கு 58 எம்பிதான், பேச்சுக்கென்று 24 கிலோபிட்டில் சுருக்கியது 11 எம்பி. ஒலிவடிவம் கிடைத்தால் அதை எடுங்கள். யூடியூபிலும் சமூக ஊடக ஆப்களிலும் தரத்தைக் குறைத்து நிலையாக வைக்கவும், தானே ஓடுவதை நிறுத்தவும் அமைப்பு உண்டு. ஒருமுறை செய்தால் போதும்.

ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள், கேட்பீர்கள் என்றால் ஓடவிடாமல் இறக்கிவையுங்கள். குழந்தை ஒரே பாட்டைப் பத்து தடவை ஓடவிட்டால் பெரும்பாலும் பத்து தடவையும் டேட்டா போகிறது. வரைபட ஆப்களில் ஒரு பகுதியை முழுதாக இறக்கிவைக்கலாம். கிவிக்ஸ் என்ற இலவச ஆப் விக்கிப்பீடியாவையே ஒரு கோப்பாக்கித் தருகிறது, தமிழ் விக்கிப்பீடியா உட்பட. எங்காவது நல்ல வைஃபை கிடைக்கும்போது ஒருமுறை இறக்கினால் போதும், பிறகு இணையமே தேவையில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் ஏற்கெனவே இருக்கும் கோப்பை ப்ளூடூத்திலோ போனிலிருந்து போனுக்கான நேரடி வைஃபையிலோ வாங்கினால் டேட்டா செலவே கிடையாது. இணையம் விலையேறிய கியூபாவில் 'எல் பக்கேதே செமனால்' என்ற பெயரில் வாரம் ஒருமுறை சுமார் 1 டெராபைட் படங்களும் தொடர்களும் செயலிகளும் ஹார்டு டிஸ்கில் கைமாறி நாடு முழுக்கப் போவது இதே கணக்கில்தான்.

ஆப் அப்டேட்டுகளை வைஃபைக்கு மட்டும் என்று மாற்றுங்கள். படங்களைத் தானாக மேகத்தில் (இணையச் சேமிப்பில்) ஏற்றிவைக்கும் வசதியையும் கவனியுங்கள். ஏற்றுவதும் பேக்கில்தான் கழியும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மெசேஜ் ஆப்களில் வீடியோ தானாக இறங்குவதை நிறுத்தினால், குழுக்களில் வரும் ஒரே வீடியோவின் ஐந்து பிரதிகளுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. பெரிய கோப்பை இரவு நேரத்துக்கும், சிக்னல் நன்றாக இருக்கும் இடத்துக்கும் ஒத்திவையுங்கள்.

பேக் வாங்கும்போது மொத்த விலையைப் பார்க்காமல் ஒரு எம்பி எவ்வளவு, எத்தனை நாள் என்று வகுத்துப் பாருங்கள். நாள் பேக் தொடர்ந்து வாங்குபவர்கள் குடும்பத்தில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே பெரிய பேக் போட்டு ஹாட்ஸ்பாட்டில் பகிர்ந்தால் பெரும்பாலும் மலிவாக முடியும். பேக் தீர்ந்த பிறகு பிரதான இருப்பிலிருந்து டேட்டா எடுக்கும் வசதியை உங்கள் நிறுவனத்தில் நிறுத்த முடிந்தால் இன்றே நிறுத்துங்கள்.

கணக்கில் சந்தேகம் வந்தால், போன் அமைப்புகளில் இருக்கும் டேட்டா எண்ணியின் தொடக்க நாளை உங்கள் பேக் தொடங்கும் நாளுக்கு மாற்றிவைத்து, ஒரு முழுச் சுற்று இரண்டையும் ஒப்பிடுங்கள். சில சதவீத வித்தியாசம் இயல்பு. கேட்வே கணக்கும் போன் கணக்கும் ஒருபோதும் அச்சாக ஒத்துப்போகாது. வித்தியாசம் அதைவிடப் பெரிதாக இருந்தால் இரண்டு திரைகளையும் படம் எடுத்து, தேதி நேரத்தோடு முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். அது தீராவிட்டால் அதே எண்ணோடு உங்கள் நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு எழுதுங்கள்.